பதினாறு துண்டு ஏரி

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி முழுவதும் நல்ல தண்ணீராக மாறிவிட்டது என்றுதான் நான் முதலில் நம்பினேன். அதுவும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள்.

மடிக்கணினியில் படம் அப்படித்தான் தெரிந்தது. கடலோடு சேருகிற வாய்ப்பக்கத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கீற்று. மிச்சம் எல்லாம் நீலம். சிவப்பென்றால் உப்பு, நீலமென்றால் உப்பில்லை என்று மனைவி சொல்லித் தந்திருந்தாள். நான் எழும்பி நின்று கைதட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன, ஆசுப்பத்திரியிலயிருந்து நல்ல செய்தியோ?"

"இல்லை, ஏரியிலயிருந்து."

அவர் தலையை இழுத்துக்கொண்டார். மனைவி ஆசுப்பத்திரியில் கிடந்தால் மனுசனுக்கு இப்படித்தான் தட்டிப்போகும் என்று நினைத்திருப்பார்.

நான் வாகனம் ஓட்டப் பழக்குகிறவன். தெல்லிப்பழைப் பக்கத்தில் என்னிடம் ஒரு பயிற்சிக் கார் இருக்கிறது. அதில் பழகுகிறவர் காலடியில் ஒரு பிரேக், என் காலடியில் இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் இருபது வருடமாக உயிரோடும் பகிடியோடும் இருக்கிறேன். கணினி என்றால் எனக்குப் பாட்டுப் போடும் பெட்டி. மனைவிக்கு அப்படியில்லை. அவள் புவியியல் ரீச்சர். பள்ளிக்கூடம், சமையல், என்னுடைய தொணதொணப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் கதவுகளைத் திறந்தால், மூடினால், மழை பிந்தினால், உப்பு உள்ளே எவ்வளவு தூரம் வரும் என்பதைக் கணினிக்குள்ளேயே நடத்திப் பார்க்கும் ஆய்வு. இரண்டு தடவை அவளுடைய பதிவை நீட்டிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது தடவை நீட்டமாட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு முன்னர் முடிவுக் கோப்பு அவளை மேற்பார்வை செய்கிற பேராசிரியர் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு முடிந்துபோகும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுக்கு வயிற்றைப் பிடித்தது. குடல்வால். அன்றைக்கே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை பார்க்கப் போனபோது கையில் ஊசி குத்தி, சேலைன் இறங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் வயிற்றைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"இஞ்சாருங்கோ, அந்தப் பதினாறையும் ஒண்டாக்க வேணும்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினாள். ஏரியை ஒரே மூச்சில் கணக்குப் பார்க்கக் கணினிக்கு வலு போதாதாம். அதனால் அதைப் பதினாறு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு கணினியாக, பல்கலைக்கழகக் கம்பஸில் உள்ள பெரிய கணினிகளிடம் கொடுத்திருக்கிறார்கள். தகப்பன் காணியைப் பதினாறு பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதினதுபோல. ஒவ்வொரு துண்டும் தன்னுடைய தண்ணீரையும் உப்பையும் தன்னுடைய கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. இப்போது அந்தப் பதினாறையும் எல்லை பார்த்து ஒட்டி ஒரே ஏரியாக்க வேண்டும். பிறகு பேராசிரியருடைய வரைபட மென்பொருள் திறக்கிற வகைக்கு அதை மாற்ற வேண்டும். ஒட்டுவதற்கு ஒரு சின்னப் புரோகிராம், மாற்றுவதற்கு இன்னொன்று. என்ன செய்ய வேண்டும் என்று இரண்டுக்கும் சொல்லுகிற சின்ன எழுத்துக் கோப்பு ஒவ்வொன்று இருக்கும். அதுக்குப் பெயர் பராமீற்றர் பைல்.

"எல்லாம் நான் எழுதி வைச்சிருக்கிறன். துண்டுகள் வெளி டிஸ்க்கில கிடக்குது. முதல் பைலில போல்டரின்ரை பேரை மட்டும் மாத்திப்போட்டு ஓட விடுங்கோ. நான் சொல்லுறதை மட்டும் செய்யுங்கோ. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"நான் எப்பவாவது கூடச் செய்திருக்கிறனே?"

"தண்ணி மோட்டரைப் பூட்டப் போய்க் குளியலறைச் சுவரை இடிச்சது ஆர்?"

"அது காத்து வரட்டும் எண்டு..."

அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையணையைப் பிடித்தாள். "பகிடி விடாதேங்கோ. சிரிச்சால் தையல் இழுக்குது."

என்னுடைய பெரிய சிக்கல் இதுதான். நான் பயந்தால் பகிடி விடுகிற ஆள். லொறி நேரே வந்தாலும் பகிடிதான் முதலில் வரும், பிரேக் பிறகு. இப்போது முழு வாழ்க்கையிலும் மிகவும் பயந்த நாளில், சிரிக்கக் கூடாத ஒரு மனுசியின் பக்கத்தில் என்னை இருத்திவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு, அவள் சொன்னதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு வந்தேன். மடிக்கணினியை வார்டுக்குள் கொண்டுவரலாமோ என்று மிஸியிடம் கேட்டுப் பார்த்தேன். எங்கள் ஊரில் தாதிமாரை மிஸி என்றுதான் சொல்லுவோம். "ஆள் படுத்திருக்கோணும் அண்ணை, படிக்கக் கூடாது," என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, திருநீறு பூசி, கணினிக்கு முன்னால் இருந்தேன். கோப்பைத் திறந்தேன். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, வெறும் எழுத்து. இருபது வரி வரும். இவ்வளவுதானா என்று ஒரு தைரியம் வந்தது. போல்டரின் பெயரை மாற்றினேன். சேமித்தேன். திரும்பவும் பார்த்தேன். ஏதோ ஒரு குறை. எழுத்தெல்லாம் மேல் விளிம்பிலேயே இடிபட்டுக்கொண்டு தொடங்கியிருந்தன. மொட்டையாக இருந்தது. என்ன குறையென்று யோசிக்கக்கூட இல்லை, கை தானாகச் செய்துவிட்டது. முதல் வரிக்கு மேலே ஒரு வரி இடம் விட்டு, நடுவில் கொண்டுபோய் ஒரு பிள்ளையார் சுழி போட்டேன்.

சிரிக்காதீர்கள். கடைக்குப் போகிற துண்டுக்கும் சுழி போடுகிற வீட்டில் பிறந்தவன் நான். பழகுநர் விண்ணப்பப் படிவத்தின் மேல் மூலையில் ஆட்களுக்குத் தெரியாமல் பென்சிலால் சுழி போட்டு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் எல்லாரும் பாஸ். இது மனைவியுடைய மூன்று வருட உழைப்பு. இதுக்குப் போடாமல் வேறு எதுக்குப் போடுவது? மாற்றுகிற இரண்டாவது கோப்புக்கும் போட நினைத்தேன். ஒரு வேலைக்கு ஒரு சுழி போதும் என்று விட்டுவிட்டேன். அந்த ஒன்றில் மட்டும் எனக்குப் புத்தி இருந்திருக்கிறது.

ஓட விட்டேன். கறுப்புத் திரையில் சில வரிகள் ஓடின. 'முடிந்தது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சொல் வந்து நின்றது. இரண்டாவதையும் ஓட விட்டேன். அதுவும் முடிந்தது. வரைபடத்தைத் திறந்தேன். நீலம்.

அப்படித்தான் ஏரி நல்ல தண்ணீரானது.

திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு ஆசுப்பத்திரிக்குப் போனேன். மோட்டார் சைக்கிளில் போகும் வழியெல்லாம் கற்பனை. கரையோரத்துத் தோட்டக்காரர் எல்லாரும் என் மனைவிக்கு மாலை போடுகிறார்கள். நான் பக்கத்தில் நின்று, சுழி போட்டது நான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கைபேசியை நீட்டி, "உம்மடை ஏரி முழுக்க நல்ல தண்ணியப்பா!" என்றேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"உது நல்ல தண்ணியில்லை. உது ஒண்டுமில்லை."

"என்ன ஒண்டுமில்லை?"

"முதல் துண்டு மட்டும்தான் வந்திருக்குது. மற்றப் பதினைஞ்சும் வரேல்லை. வராத இடத்துக்கு அது பூச்சியம் எண்டு நிரப்பியிருக்குது. பூச்சியத்துக்கு நீலம்."

நான் கைதட்டியதை அவளிடம் சொல்லவில்லை.

"போல்டரின்ரை பேரைச் சரியா மாத்தினனீங்களோ?"

"ஓம். எழுத்தெழுத்தாப் பாத்தனான்."

"அப்ப முதல் வரியில பதினாறு எண்டு கிடக்க வேணுமே. எத்தினை துண்டு எண்டதை அது முதல் வரியிலதான் பாக்கும். மற்றதெல்லாத்தையும் பேர் பாத்து எடுக்கும், அது எங்கை கிடந்தாலும் பரவாயில்லை. முதல் வரியில இலக்கம் இல்லாட்டி ஒரு துண்டுதான் எண்டு நினைச்சுக்கொண்டு போயிடும். முதல் வரியில என்ன கிடக்குது?"

நான் சேலைன் போத்தலைப் பார்த்தேன். சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அதை எண்ணிக்கொண்டிருந்தால் கேள்வி போய்விடும் என்று நினைத்தேனோ என்னவோ.

"இஞ்சாருங்கோ. முதல் வரியில என்ன?"

"பிள்ளையார் சுழி."

அவள் என்னைப் பார்த்தாள். வாய் கோணியது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லது. வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணால் தண்ணீர் வழிய வழியச் சிரிக்கத் தொடங்கினாள். இடையிடையே "ஐயோ... அம்மா..." என்ற முனகல். சிரிப்பா நோவா என்று பிரிக்க முடியாத சத்தம். பக்கத்துக் கட்டில் அம்மா பயந்துபோய் மணியை அடித்துவிட்டார்.

மிஸி ஓடிவந்தார். "என்ன செய்தனீங்கள் ஆளை?"

"நான் பகிடி விடேல்லை மிஸி. கேட்டதுக்கு மறுமொழி சொன்னனான்."

"அண்ணை, வெளியில போங்கோ. இப்ப போங்கோ. தையல் பிரிஞ்சால் நான்தான் பதில் சொல்ல வேணும்."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஒரு விரலைத் தூக்கி, அந்தரத்தில் எதையோ அழிப்பதுபோல் இரண்டு தடவை அசைத்துக் காட்டினாள். அழியுங்கோ. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த அறிவுறுத்தல்.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். சுழி நடுவில் வடிவாக இருந்தது. அழிக்கக் கை வரவில்லை. இருபது வருடமாகச் சுழி போட்டிருக்கிறேன், ஒருநாளும் அழித்ததில்லை. "இந்த வரியிலயிருந்து மட்டும்தான் எழுப்பிறன். கோவிக்கக் கூடாது," என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழித்தேன். பதினாறு மேலே ஏறி முதல் வரியில் உட்கார்ந்தது. ஓட விட்டேன்.

இந்தத் தடவை வித்தியாசம் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று துண்டுகளின் பெயர் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் நல்லாய்ப் பிந்தியது. என் வலது கால் மேசைக்குக் கீழே தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. அங்கே பிரேக் இல்லை. இருந்தாலும் அழுத்தி என்ன பயன், எனக்கு அது நிற்கவா வேண்டும், ஓடத்தானே வேண்டும். அது தெரிந்தும் அழுத்தினேன்.

பதினோராவது துண்டில் நின்றது. டிஸ்க்கில் இடமில்லை என்று ஒரு வரி.

மனைவிக்குக் கைபேசியில் எடுத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பவும் எடுத்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாதான் எடுத்தார்.

"ஊசி போட்டுப் படுக்க வைச்சிட்டினம் தம்பி. நல்ல நித்திரை. நீர் இனிச் சிரிப்புக் காட்ட வராதையும்."

பேராசிரியருக்கு எடுத்தேன். அமைதியான மனிதர். "நாலு மணிக்கு நான் முடிவு தந்த ஆக்களின்ரை பட்டியலை மேல அனுப்ப வேணும். அதுக்கு முதல் என்ரை கையில தந்தீங்கள் எண்டால் போதும். ஈமெயிலில அவ்வளவு பெரிய கோப்பு வராது, டிஸ்க்கில கொண்டுவாருங்கோ," என்றார். இடம் போதாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓம் சேர், புறப்பட்டுக்கொண்டிருக்கிறன்," என்றேன். இடுப்பில் கட்டிய சாரத்தோடு இருந்துகொண்டு.

பதினாறு துண்டையும் ஒட்டினால் பதினாறு துண்டு அளவுக்கு இடம் வேண்டும் என்பதை ஒட்டுவதற்கு முன்னர் யோசிக்க வேண்டும். நான் ஒட்டப் போன பிறகு யோசித்தேன். எதை அழிப்பது? அந்த டிஸ்க்கில் எதைத் தொட்டாலும் அவளுடைய ஆய்வாக இருந்தால் என்ன செய்வது? ஒரு சுழியை அழிக்கவே கை வராத ஆள் இப்போது பெயர் தெரியாத கோப்புகளுக்கு முன்னால். கடைசியில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று கிடைத்தது. கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய, அவளுடைய மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோ. பிள்ளை ஹெலிகொப்டரில் வந்து இறங்குவது, பல்லக்கில் ஏறுவது, பல்லக்கிலிருந்து பேயடித்த மாதிரி கையசைப்பது என்று நாலு மணித்தியாலம் ஓடும். இறங்கின ஹெலிகொப்டருக்கு அப்பால் எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. மச்சாள் கேட்டால் கரண்ட் போய்ப் பழுதாகிவிட்டது என்று சொல்லலாம். அழித்தேன்.

மறுபடி முதலிலிருந்து. நின்ற இடத்திலிருந்து தொடங்க அதுக்குத் தெரியாது, அல்லது எனக்குத் தெரியாது. ஒன்று. இரண்டு. மூன்று. உட்கார முடியாமல் முற்றத்துக்கும் மேசைக்கும் நடந்தேன். கணினியின் விசிறி இரைந்தது. நானும் இரைந்தேன். பதினாறாவது வந்தது. மாற்றுகிற கோப்பை ஓட விட்டேன். வரைபடத்தைத் திறந்தேன்.

ஏரி இருந்தது. வாயில் சிவப்பு, உள்ளே போகப் போக மஞ்சள், பச்சை, அப்பால் நீலம். துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. எனக்கு அதைப் பார்த்து ரசிக்க நேரமில்லை. மணி மூன்று கடந்துவிட்டது. டிஸ்க்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். சாரத்தை மாற்றினேன் என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

காங்கேசன்துறை வீதியில் மோட்டார் சைக்கிளை யாழ்ப்பாணப் பக்கமாகத் திருப்பினேன். மல்லாகம் தாண்டி எனக்கு முன்னால் ஒரு கார் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்புறத்தில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: 'அவசரப்படாதேங்கோ, நாங்கள் பழகிறம்.' அந்த வாசகத்தை எழுதினவன் நான். கார் என்னுடையது. ஓட்டினவர் வங்கியில் வேலை செய்கிற ஒரு அக்கா, பயத்துக்குப் பெயர்போனவர். பக்கத்தில் இருந்தவர் என்னிடம் வேலை செய்கிற உதவிப் பயிற்சியாளர்.

எதிரே பஸ்ஸும் லொறியும் விடாமல் வந்தன, ஓரம் முழுக்கச் சல்லிக்கல், மோட்டார் சைக்கிளுக்கும் முந்த வழியில்லை. கோர்ன் அடித்தேன். அக்கா காரை அப்படியே நடு வீதியில் நிப்பாட்டிவிட்டார். எஞ்சினும் நின்றது. எனக்குப் பின்னால் ஒரு வான், அதுக்குப் பின்னால் ஒரு டிராக்டர், எல்லாரும் கோர்ன் அடிக்க, அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். உதவியாளர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"அண்ணை! பின்னால கோர்ன் அடிச்சால் நிப்பாட்டு எண்டு நீங்கள்தானே சொல்லிக் குடுத்தனீங்கள்!"

"ஓரமாக்கிப்போட்டு எண்டெல்லோ சொன்னனான்!"

"அது அடுத்த கிழமைப் பாடமெண்டு சொன்னனீங்கள்!"

அவர் இறங்கி, அக்காவை மறுபக்கம் இருத்தி, காரை ஓரமாக்கி முடிக்கவும் முன்னாலிருந்த ரயில் கடவையின் படலை விழவும் சரியாக இருந்தது. ரயில் வரும்வரை நின்றோம். ரயிலுக்கு அவசரமில்லை. சட்டைப் பையிலிருந்த டிஸ்க்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றேன், ஏதோ குருவிக் குஞ்சைக் காப்பாற்றுகிறவன்போல. ஒரு பகிடியும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, பயந்த நேரத்தில் என்னிடம் ஒரு பகிடியும் இல்லை.

கம்பஸ் படியேறிப் பேராசிரியரின் அறைக்குள் போனபோது சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி கடந்திருந்தது. அவர் எழும்பி டிஸ்க்கை வாங்கிக் கணினியில் பூட்டித் திறந்தார். படம் வந்தது. எல்லைகளைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லாச் செய்திருக்கிறா. எல்லைகள் சரியாப் பொருந்தியிருக்குது."

"அப்ப சேர்..."

"பட்டியல் நாலு மணிக்கே போயிட்டுது. நான் அதைத் திருப்பி எடுக்கேலாது. அது என்ரை கையில இல்லை." அவர் எனக்கு ஒரு கதிரையைக் காட்டினார். "இருங்கோ. தண்ணி குடியுங்கோ."

குடித்தேன்.

பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு வார்டுக்குப் போனேன். மிஸி என்னை வாசலிலேயே நிறுத்தி, முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். மனைவி விழித்திருந்தாள். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். டிஸ்க், ஹெலிகொப்டர், கார், படலை. அவள் சிரிக்கவில்லை.

"வடிவா ஒட்டியிருந்ததோ?"

"ஓம்."

"பதினாறும்?"

"பதினாறும். கோடே தெரியேல்லை எண்டு சேரும் சொன்னவர்."

அவள் தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கொண்டுபோன தோடம்பழத்தை உரித்தேன். அவள் சாப்பிடவில்லை, நான்தான் சாப்பிட்டேன்.

அன்றைக்கு அவளுடைய பதிவு முடிந்தது. மேன்முறையீடு செய்தாள், ஏற்கவில்லை. தை மாதம், முதல் வருட மாணவியாகப் புதிதாகப் பதிந்தாள்.